நல்ல குளம்பில் கட்டை

அண்ணி மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அண்ணன் பேசிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் வேலை எப்போதும் அப்படித்தான் பங்கு பிரிந்திருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் டாக்டர் பின்னங்காலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குளம்புக்குச் சற்று மேலே பின்பக்கமாக விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். சாதாரணமாக அந்த இடத்தில் சதைப்பிடிப்பே இருக்காது, எலும்பும் அதை ஒட்டி ஓடும் நாணும் கைக்குத் தட்டுப்படும். இப்போது தண்ணீர் நிரம்பிய ரப்பர் குழாய் போலப் புடைத்திருந்தது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் விம்மியது. மாடு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, மூன்று காலில் நின்றபடி நடுங்கியது.

“சேத்துப்புண்ணுதானே? களிம்பு தடவினா போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க,” என்றான் அண்ணன்.

எல்லாரும் என்றால் பால் வண்டி ஓட்டுகிறவர், தீவனக் கடைக்காரர், எதிர் வீட்டில் நாய் வளர்க்கிறவர். சொந்தத் தங்கை மாட்டு டாக்டராக ஸ்கூட்டரில் கால்மணி நேரத் தொலைவில் உட்கார்ந்திருக்க, ஊரையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாகத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தான். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். மாட்டுக்கே அந்தக் கதி என்றால் மாட்டு டாக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெளியில் அவளை டாக்டரம்மா என்று எழுந்து நின்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. அண்ணனுக்கு மட்டும் அவள் படித்து முடித்த நாளிலிருந்து ‘கம்பவுண்டர்’தான். “கம்பவுண்டர், சாப்பிட்டியா?” என்று பாசமாகத்தான் கேட்பான். அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

அந்தக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு மாடுகள் இருந்தாலும் இந்த ஒன்றுக்குத்தான் பட்டப்பெயர் உண்டு. மாமியார். தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் வருவது, கறவைக்கு முதலில் நிற்பது, வழியில் எவள் நின்றாலும் விலாவில் ஒரு இடி கொடுத்து நகர்த்துவது எல்லாம் அதன் உரிமை. பெயர் வைத்தது அண்ணி. டாக்டரின் அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். விஷயம் காதுக்கு வந்ததும் மாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, “என்னைவிட லட்சணமாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். டாக்டருக்குத்தான் அது கொஞ்ச காலம் நெஞ்சில் முள்ளாக இருந்தது. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. வந்தியா, இருக்கியா, போயிட்டு வா. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வளர்ந்ததில்லை.

மயிரை மழித்துத் துடைத்து, வீக்கத்தில் ஊசியைச் செருகி இழுத்தாள் டாக்டர். கலங்கிய மஞ்சள் நீர் வந்தது. அதில் திரிந்த பாலைப் போலத் துணுக்குகள் மிதந்தன. அவள் பயந்தது அதுதான். இரண்டாகப் பிளந்த பாதத்தின் வெளிக் குளம்பின் அடியில், குதிகால் பக்கமாக, கம்பியோ ஆணியோ குத்திய ஒரு கரும்புள்ளி இருந்தது. அதன் வழியாகக் கிருமி உள்ளே போய் ஏறியிருக்கிறது.

“அண்ணா, இது மேல்புண்ணு இல்ல. சைக்கிள்ல பிரேக் வயர் ஒரு குழாய்க்குள்ள ஓடும் இல்லையா? அதே மாதிரிதான் கால் நாணும். அதுக்குன்னு ஒரு உறை இருக்கு. அந்த உறைக்குள்ள சீழ் கட்டியிருக்கு. வெளிய எத்தனை களிம்பு தடவினாலும் உள்ள போகாது.”

“அப்ப வண்டிக்காரனுக்குச் சொல்லிட வேண்டியதுதான்,” என்றான் அண்ணன். ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கறிக்கு மாடு ஏற்றும் வண்டி மறுநாள் அந்தப் பக்கம் வருகிறது.

டாக்டர் எழுந்து நின்றாள். முட்டி மடக்கென்றது. “வண்டின்னா இன்னிக்கே முடிவு பண்ணு. நான் மருந்து போட்டுட்டா அப்புறம் இதக் கறிக்கு அனுப்பக் கூடாது. ஒண்ணு வண்டி, இல்லன்னா நான்.”

“பொழைக்குமா?”

“உறையத் திறந்து பார்த்தாத்தான் தெரியும். நாண் அழுகாம இருந்தா பொழைக்கும்.”

அண்ணன் தாடையைச் சொறிந்தான். அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. மாடு வலியில் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டால் கொட்டகைப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போகிறவன். பார்க்க முடியாததை வண்டியில் ஏற்றிவிட்டால் பார்க்க வேண்டியதில்லை என்பது அவன் கணக்கு.

“வண்டி வேண்டாம்,” என்றாள் அண்ணி, வாலை விடாமல்.

சுவர் பேசியது போல இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மாட்டின் முதுகில் உட்கார்ந்த ஈயை மட்டும் ஓட்டினாள்.

“சரி,” என்றான் அண்ணன். “ஆனா ஒண்ணு, கம்பவுண்டர். இது நொண்டிக்கிட்டு நரகப்படறத என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. முடியலன்னு ஆயிட்டா இழுத்தடிக்கக் கூடாது. நீயே ஒரு ஊசியப் போட்டு முடிச்சு வெச்சுடணும். வாக்குக் குடு.”

டாக்டர் வாக்குக் கொடுத்தாள். ஊரில் எத்தனையோ மாட்டை இழந்திருக்கிறாள், அதற்காக அழுததும் உண்டு. ஆனால் பிறந்த வீட்டுக் கொட்டகையில் இந்த மாடு செத்தால், இனி ஆயுசுக்கும் அந்த வீட்டில் அவள் கம்பவுண்டர்தான்.

வேலையை அன்றைக்கே ஆரம்பித்தாள். மாட்டைச் சட்டத்துக்குள் நிறுத்தி, காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, கணுவுக்கு மேலே ரப்பர் குழாயால் இறுக்கி, ரத்தக்குழாயில் மரப்பு மருந்தை ஏற்றினாள். கால் மரத்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், மருந்து நீர் விட்டுத் தேய்த்தாள், அண்ணி போதும் என்று நினைத்த பிறகும் தேய்த்தாள். கத்தி இறங்கியதும் சீழ் பீறிட்டு அவள் ரப்பர் செருப்பின் மேல் விழுந்தது. அண்ணன் அதோடு தொலைபேசியில் யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டான். தொலைபேசி அடிக்கவே இல்லை. அண்ணி மூக்கைச் சுளிக்கவில்லை. டாக்டர் தலையில் கட்டியிருந்த விளக்கு சரிந்தபோது தானாகவே கையை நீட்டி நிமிர்த்தி வைத்தாள்.

டாக்டர் விரலால் உள்ளே துழாவி, கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்த கசடை வழித்து எடுத்தாள். கீழே இன்னொரு வாய் திறந்து, மேல் வாயில் உப்பு நீரைப் பீய்ச்சினாள். கீழ் வாய் வழியாக முதலில் மஞ்சளாக வந்தது, பிறகு வெளுப்பாக, பிறகு தெளிவாக. பாட்டில் பாட்டிலாக விட்டாள். தெளிந்த நீருக்கு நடுவில் நாண் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். நரைத்திருந்தால் கதை முடிந்தது, பிசிறு பிசிறாக இருந்தால் பாதி முடிந்தது. அது வெள்ளையாக, இழை கலையாமல், விளக்கொளியில் பட்டு நாடா போல மினுங்கியது. டாக்டருக்கு அந்த இடத்திலேயே மாட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கை முழுக்கச் சீழாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

வெளிக் குளம்பின் கரும்புள்ளியைச் செதுக்கித் திறந்துவிட்டு, உறைக்குள் மருந்து விட்டு, வடிகாலுக்கு ஒரு ரப்பர்த் துண்டைச் செருகிக் கட்டுப் போட்டாள். இறுக்கியிருந்த குழாயை அவிழ்த்தாள். கடைசியாக, மாட்டுக் குளம்பு அளவுக்கு அறுத்த மரக்கட்டை ஒன்றை எடுத்து, பிசினைக் குழைத்துத் தடவி, பக்கத்திலிருந்த உள் குளம்பின் அடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். பிசின் இறுகுகிற வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அண்ணி கட்டையைப் பார்த்தாள், கட்டுப் போட்ட குளம்பைப் பார்த்தாள், நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், வாசலில் அண்ணன் தலை தெரிந்ததும் மூடிக்கொண்டாள். அண்ணன் உள்ளே வந்ததும் மருந்து, கட்டு, கட்டை எல்லாவற்றையும் டாக்டர் அவனிடம் விளக்கமாகச் சொன்னாள். அவன் ம் ம் என்று கேட்டுக்கொண்டே பால் கேன்களை எண்ணினான். எட்ட, குழாயடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றவே இல்லை.

தினமும் காலையில் வந்து உறையைக் கழுவினாள். நீர் ஒவ்வொரு நாளும் சீக்கிரம் தெளிந்தது. ரப்பர்த் துண்டை எடுத்தாள். மாமியார் தீவனத்தை மிச்சம் வைக்காமல் தின்ன ஆரம்பித்தது. கட்டை வைத்த குளம்பை ஊன்றி, தயங்கித் தயங்கி, தொட்டிவரை நடந்தும் போனது. மருந்து கலந்த பாலைத் தனியாகக் கறந்து கொட்டிவிட்டு வரும் அண்ணியின் முகத்தில்கூடத் தெளிவு வந்திருந்தது. அந்த வாரம் பார்த்து, தொலைவில் ஒரு பக்கத்தில் மாடுகளுக்குக் கோமாரி பரவுகிறது என்று டாக்டரைத் தடுப்பூசி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். போட வேண்டிய ஊசிகளை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, காற்றும் மணலும் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் இடத்துக்கு அவள் போனாள். அங்கே தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற வேண்டும்.

முகாம் முடிகிற நாளில் ஏறியபோது அண்ணனின் குரல் வந்தது. அதில் கேலி இல்லை. கம்பவுண்டர் என்று கூப்பிடவில்லை.

“பழையபடி ஆயிடுச்சும்மா. கால ஊனவே மாட்டேங்குது. ரெண்டு நாளா படுத்தே கெடக்கு, எழுப்பினா மூணு கால்ல நின்னு நடுங்குது. வாக்குக் குடுத்திருக்க. நீயே வந்து முடிச்சுடு.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்றால் இதுதான். டாக்டர் திரும்பி வரும் வழியெல்லாம் தான் செய்ததை ஒவ்வொன்றாக மனதில் விரித்துப் பார்த்தாள். எங்கேயாவது கசடு தங்கிவிட்டதா, பக்கத்து மூட்டுக்குள் கிருமி இறங்கிவிட்டதா, நாணை அவசரத்தில் நல்லது என்று முடிவு கட்டிவிட்டாளா. ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தி, பூட்டிய அலமாரியிலிருந்து அந்த மருந்தை எடுத்துத் தனியாக ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரின் முன்பக்கம் அந்தப் பெட்டி இருந்ததால் கால் வைக்க இடமில்லாமல், பாதங்களை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டிப் போனாள்.

அண்ணன் வாசலில் இருந்தான். கொட்டகையைக் கையால் காட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தான். உள்ளே அண்ணி மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் ஒருக்களித்துப் படுத்திருந்தது. கால் வெளியே நீண்டிருந்தது. டாக்டர் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் முதலில் காலைத் தொட்டாள். சூடு இல்லை. கட்டுத் துணியை அவிழ்த்தாள். வீக்கம் வற்றியிருந்தது, புண் வாய் சிவந்து சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை நன்றாக இருக்கிற கால் எதற்காகத் தரையில் படவில்லை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. குளம்பைத் திருப்பி அடியைப் பார்த்தாள்.

கட்டை வெளிக் குளம்பில் இருந்தது. புண்பட்ட குளம்பில். சுற்றிலும் மரவேலைக்குப் பூசும் பசை மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது.

அவள் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவசரமாக வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நீ போன மறுநாளே கட்டை கழண்டு விழுந்துடுச்சு. நான்தான் தச்சுப் பட்டறையில பசை வாங்கிட்டு வந்து ஒட்டினேன். உன் அண்ணனுக்குத் தெரியாது.”

“எதுக்கு அண்ணி இந்தக் குளம்புல ஒட்டினீங்க?”

“நீதான் அன்னிக்கு மாத்தி ஒட்டிட்டுப் போயிட்டியே. நோவு இந்தப் பக்கம், செருப்பப் போட்டது அந்தப் பக்கம். எனக்கு அப்பவே கண்ணுல பட்டுச்சு. களைப்புல கை தவறிடுச்சுன்னு நெனச்சேன்.”

“அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“அவர் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாரே. அவர் காதுல விழுந்தா சும்மா விடுவாரா? கம்பவுண்டருக்கு வலது இடது தெரியாதுன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. இவ்வளவு பாடுபட்டுப் பண்ணியிருக்க. இந்தச் சின்னத் தப்பால உன் பேரு கெடணுமா? அதான் தானா கழண்டதும், யாருக்கும் தெரியாம சரி பண்ணிடலாம்னு…” அவள் பேச்சு நின்றது. டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. “தப்புப் பண்ணிட்டேனா?”

டாக்டர் காய்ந்த பசையை விரலால் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் தன் பக்கம் யாரும் இல்லை என்று நினைத்திருந்தாள். தன் மானத்தைக் காப்பாற்ற ஒருத்தி பசை டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாலைப் பிடித்தவளுக்கு, விளக்கை நிமிர்த்தியவளுக்கு, சொல்லவில்லை. கேன் எண்ணிக்கொண்டிருந்தவனுக்குச் சொன்னாள்.

“தப்பு உங்களுது இல்ல, அண்ணி. இங்க பாருங்க.” தரையில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு கையின் கீழ் மருந்து டப்பாவின் மூடியை வைத்தாள். “நல்ல குளம்புக்கு அடியில கட்டை வெச்சா அது உசந்துடும். பாரம் முழுக்க அதுமேல போகும். பக்கத்துல இருக்கிற சீக்குக் குளம்பு தரையில படாம அந்தரத்துல நிக்கும். அதுக்கு ஓய்வு. புண்ணுக்கு வைக்கிற செருப்பு இல்ல இது, புண்ண இறக்கி வைக்கிற முக்காலி.”

அண்ணி அவள் கைகளையே பார்த்தாள். பிறகு தன் கைகளை அதே போல ஊன்றிப் பார்த்தாள். “அப்படின்னா நான் இத்தனை நாளா மொத்த பாரத்தையும் அந்தப் புண்ணு மேலயே…” என்று சொல்லி மாட்டின் நெற்றியில் கையை வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

“அழறதுக்கு நேரம் இல்ல. விளக்கப் பிடிங்க.”

தச்சுப் பசை டாக்டரின் பிசினைப் போல அத்தனை முரடு இல்லை. உளி வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும் கட்டை கையோடு வந்தது. அது விழுந்த கணத்திலேயே மாமியார் நீளமாக ஒரு மூச்சு விட்டது. இன்னும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. நசுங்கிய இடத்தில் மறுபடி சீழ் பிடித்திருந்தால் எல்லாம் வீண். டாக்டர் சுத்தம் செய்து, உறைக்குள் ஊசியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். சிரிஞ்சில் ஏறியது கலங்கலாக இல்லை. இளம் மஞ்சளாக, கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. ஒரு சொட்டை விரலில் விட்டுக் கட்டைவிரலால் தொட்டுப் பிரித்தாள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக நீண்டது. நோயில்லாத உறையில் ஊறும் நீர் அது.

“ஜெயிச்சாச்சு, அண்ணி,” என்றாள். அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. “என்னிக்கோ ஜெயிச்சாச்சு. கட்டை வலியிலதான் இது படுத்திருக்கு.” நாத்தனாரும் அண்ணியும் சாணித் தரையில் உட்கார்ந்து, ஒரு விரல் ஈரத்தை விளக்கில் மாறி மாறிப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பெண்கள் போலச் சிரித்தார்கள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணன் எட்டிப் பார்த்தான். சாவு விழுந்திருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது. “என்ன ஆச்சு?” என்றான் கதவைப் பிடித்துக்கொண்டே.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டாள். “என் தப்புதாண்ணா. கட்டை சரியா நிக்கல. இப்ப மாத்தி ஒட்டறேன். கால் சுத்தமா இருக்கு.”

“நான் அப்பவே நெனச்சேன்,” என்றான் அண்ணன் உற்சாகமாக. உயிர் திரும்பி வந்த முகத்தை மறைக்க அவனுக்கு அது வசதியாக இருந்தது. “பிசினக் குழைக்கும்போதே பார்த்தேன், பதமே இல்ல. கம்பவுண்டர் வேலைன்னா இப்படித்தான்.” பிசின் குழைத்த நேரத்தில் அவன் வெளியே இருந்தது தெரிந்த அண்ணி, குனிந்து விளக்கைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டருக்கு அந்தப் பட்டப்பெயர் அன்றைக்கு ஒரு துரும்பளவும் உறுத்தவில்லை.

இந்த முறை பிசினைக் குழைத்தது டாக்டர், கட்டையை நல்ல குளம்பில் வைத்து அழுத்திப் பிடித்தது அண்ணி. அன்று சாயங்காலமே மாமியார் எழுந்து நின்றது. சுவரோரப் பெட்டியை டாக்டர் திறக்காமலே எடுத்துப் போய்ப் பழைய இடத்தில் பூட்டினாள். அடுத்த சில வாரங்கள் அண்ணி அந்தக் காலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கட்டை ஒரு ஓரம் தேய்ந்தால் அவளே டாக்டரை நேராகத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். பேச்சு கட்டையில் ஆரம்பிக்கும், எங்கெங்கோ போகும். அடுப்பில் வைத்ததை டாக்டர் இரண்டு தடவை தீயவிட்டாள்.

கட்டையை எடுக்கிற நாள் வந்தது. காலை வேலையில் கொட்டகை முற்றத்தின் சிமெண்டுத் தரையை அண்ணி கழுவி முடித்திருந்தாள். உள்ளே டாக்டர் கட்டையைப் பெயர்த்து, மிச்சப் பிசினைச் சுரண்டி, இரண்டு குளம்பும் ஒரே மட்டம் வரும்படி செதுக்கினாள். கயிற்றை அவிழ்த்தாள். மாமியார் உடனே நகரவில்லை. காலை ஒரு தடவை தூக்கி உதறியது. அப்புறம் வாசலைத் தாண்டி வெளியே இறங்கி, முற்றத்தின் குறுக்கே, யாரும் ஓட்டாமல், தன் பாட்டுக்கு நடந்து போனது. தலை ஆடவில்லை. இடுப்பு சரியவில்லை. அண்ணன் எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான்.

ஈரத் தரையில் சாணிக் கால்களின் தடம் வரிசையாக விழுந்திருந்தது. டாக்டர் அதைப் பின்தொடர்ந்து வந்து, ஒரு பின்னங்கால் தடத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அண்ணியும் வந்து குந்தினாள். உள் பாதி, வெளிப் பாதி, இரண்டும் பதிந்திருந்தன. வெளிப் பாதியின் விளிம்புகூட மழுங்காமல், முழு எடையும் இறங்கிய அழுத்தத்தோடு, பக்கத்துப் பாதிக்குக் கொஞ்சமும் குறையாமல் இருந்தது.

பின்னால் அண்ணன் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு வந்தான். “நகருங்க, கழுவின தரையெல்லாம் பாழாக்கிடுச்சு.”

“கொஞ்சம் இருங்க,” என்றாள் அண்ணி, திரும்பாமல்.

அவன் கையில் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகி அவன் காலடியிலேயே தேங்கியது. முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தடத்தின் ஓரங்கள் மெல்லக் காய்ந்து வெளுக்கத் தொடங்கின. மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள்.